மேனி ராமிரெஸை பாஸ்டன் அணி விட்டுக்கொடுத்தது சரியா?

அமெரிக்க பேஸ்பாலை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கியிருக்கும் ஒருவரின் கேள்வி இது: 2008-ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, தன் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவரான மேனி ராமிரெஸை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அது சரியான முடிவா? அந்த அணியின் ரசிகர்கள் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றி இரு கட்சியாக நின்று சண்டையிடுவது ஏன்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரத்தில், அன்றிருந்த நிலைமையில், அணி செய்தது சரி. ஆனால் அதை நியாயப்படுத்த ஊரெங்கும் பரவிய கதை, அதாவது ராமிரெஸ் வேண்டுமென்றே ஆட்டத்தைக் கைவிட்டார் என்ற கதை, அவர் அந்த மாதம் ஆடிய ஆட்டத்தின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் ஏறுவதில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராமிரெஸ் 1972-இல் டொமினிகன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் பிறந்து, சிறுவனாகவே நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிக்குக் குடியேறி, பள்ளி மைதானத்திலிருந்து நேரே கிளீவ்லாந்து அணிக்குப் போனவர். 1999-இல் ஒரே பருவத்தில் 165 ரன்களை வரவைத்தார், அதாவது அவர் அடித்த அடியால் அணிக்கு அத்தனை ரன்கள் வந்தன. அமெரிக்க மேஜர் லீகில் 1938-க்குப் பின் எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 2000 டிசம்பரில் ரெட் சாக்ஸ் அவரை 8 ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தத்தின் வால்பகுதியில் 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 2 கோடி டாலர் வீதம் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளும் விருப்பத்தேர்வு அணியின் கையில் இருந்தது. வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அணிக்கு மட்டுமே. அவருக்கு அதில் குரல் இல்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இந்த ஒரு வரிதான் என்பது என் எண்ணம்.

மைதானத்தில் அவர் கொடுத்தது ஒப்பந்தத் தொகைக்குக் குறைவானதல்ல. 2002-இல் 0.349 சராசரியோடு (ஆயிரம் முயற்சிக்கு 349 வெற்றி அடி என்ற கணக்கு) அமெரிக்கன் லீகின் சிறந்த மட்டையாளர் பட்டம் பெற்றார்; மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று அது, மற்றது நேஷனல் லீக். 2004-இல் 43 ஹோம் ரன் (பெரும்பாலும் மைதான வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார். அதே ஆண்டு, 86 ஆண்டுகளாகக் கோப்பையே காணாத ரெட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றபோது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 2007 அக்டோபரில், ஏஞ்சல்ஸ் அணியுடனான இரண்டாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், பிரான்சிஸ்கோ ரோட்ரிகெஸ் வீசிய பந்தை அவர், பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் இடது களத்தை அடைத்து நிற்கும் உயரமான பச்சைச் சுவருக்கு மேலே எங்கோ அனுப்பினார். அடித்த கணமே ஓடாமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியபடி பந்து போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அந்தப் படத்தை பாஸ்டனில் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்த ஆண்டும் கோப்பை பாஸ்டனுக்கே வந்தது.

தடுப்பாட்டத்தில் அவர் வேறொரு மனிதர். 2004-இல் ஒரு நாள், நடுக்களத்திலிருந்து ஜானி டேமன் உள்களத்தை நோக்கி எறிந்த பந்தை, இடது களத்தில் நின்ற இவர் இடையில் பாய்ந்து விழுந்து பிடித்துவிட்டார். இருவருக்கும் இடையே சில கெஜ தூரம்தான் இருந்தது; பந்து போக வேண்டிய இடமோ வெகு தொலைவில். அதற்குள் எதிரணி மட்டையாளர், ஒரு ரன்னுக்காக ஓடிக் கடக்க வேண்டிய நான்கு பேஸையும் சுற்றி வந்துவிட்டார். 2005-இல் பந்துவீச்சாளரோடு ஆலோசனை நடந்துகொண்டிருந்த இடைவெளியில், பச்சைச் சுவரிலுள்ள கதவைத் திறந்து ஸ்கோர் பலகைக்குப் பின்னால் போய்விட்டு, அடுத்த பந்து வீசப்படும் நேரத்தில்தான் வெளியே வந்தார். இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு தொடர் உருவானது: "மேனி பீயிங் மேனி." மேனி அப்படித்தான், விடு என்று பொருள்.

இந்தத் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. செல்லமாகச் சொல்லப்பட்டது என்றாலும் அதில் ஒரு இளக்காரமும் உண்டு. ஆங்கிலத்தில் சரளமாகப் பேட்டி கொடுக்காத, முடியைச் சடைசடையாக வளர்த்த ஒரு டொமினிகன் ஆட்டக்காரரை, மற்றவர்களுக்கு முன்பே விடிகாலையில் வந்து பயிற்சி செய்பவர் என்று அவருடைய பயிற்சியாளர்களே சொல்லிய பின்னும், ஏதோ விவரம் தெரியாத குழந்தையைப் போலப் பேச அது இடம் கொடுத்தது. வெற்றி பெறும்போது குழந்தை என்று கொஞ்சியவர்கள், உறவு கசந்ததும் அதே குணத்தைத் திமிர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

உறவு 2008-இல்தான் கசந்தது என்று நினைப்பதும் பிழை. 2003 பருவம் முடிந்ததும், மீதமிருந்த சம்பளப் பொறுப்பை ஏற்க முன்வரும் எந்த அணியும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று ரெட் சாக்ஸ் அவரைப் பொதுவில் வைத்தது. 10 கோடி டாலருக்குச் சற்றே குறைந்த அந்தச் சுமையைத் தூக்க எவரும் வரவில்லை. அடுத்து டெக்சஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிகெஸுக்கு ஈடாக அவரைக் கொடுக்கப் பேச்சு நடந்தது. ரோட்ரிகெஸின் சம்பளத்தைக் குறைப்பதை ஆட்டக்காரர் சங்கம் ஏற்காததால்தான் அது முறிந்தது. இவர் பங்குக்கு இவரும் 2005-இல் தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுமாறு கேட்டிருந்தார். இருபுறமும் பலமுறை பிரியப் பார்த்து, பிரிய முடியாமல் இரண்டு கோப்பைகளை வென்ற குடும்பம் அது.

இனி 2008 கோடைக்காலம். மே மாதம் பால்டிமோரில் ஓடிக்கொண்டே தோளுக்கு மேல் ஒரு பந்தைப் பிடித்து, அந்த வேகத்திலேயே சுவரில் ஏறி, பார்வையாளர் வரிசையில் நின்ற ஒரு ரசிகரின் உள்ளங்கையில் தட்டிவிட்டு இறங்கி, பந்தைத் திருப்பி எறிந்து முதல் பேஸில் இருந்தவரையும் அவுட்டாக்க வழி செய்தார். அதே மாதக் கடைசியில், அதே ஊரில், தன் 500-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். ஜூன் தொடக்கத்தில் காற்று மாறியது. டாம்பா பே அணியுடனான ஆட்டத்தின்போது சக ஆட்டக்காரர் கெவின் யூகிலிஸுடன், அணியினர் உட்காரும் டக்அவுட்டிலேயே கைகலப்பு. அந்த மாத இறுதியில் ஹூஸ்டனில், உறவினருக்கும் நண்பர்களுக்கும் டிக்கெட் கேட்ட விவகாரத்தில், 64 வயதான அணியின் பயணச் செயலரைக் கீழே தள்ளிவிட்டார். ஜூலை 6 அன்று நியூயார்க்கில், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது மாற்று மட்டையாளராக வந்து, யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா வீசிய மூன்று பந்துகளையும் மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே பார்த்துவிட்டு, அவுட்டாகித் திரும்பினார். ஜூலை 25 அன்று, யாங்கீஸுடனான ஆட்டத்துக்குச் சற்று முன், முழங்கால் வலி என்று ஒதுங்கிக்கொண்டார். அணி இரண்டு முழங்கால்களையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. எதிலும் குறை தெரியவில்லை. அன்றைய ஆட்டத்தை ரெட் சாக்ஸ் ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில், 0-1 என்று இழந்திருந்தது.

"கைவிட்டுவிட்டார்" என்று சொல்பவர்கள் இந்த ஐந்தாறு காட்சிகளைத்தான் வரிசையாக அடுக்குவார்கள். வயதான ஒரு ஊழியர்மேல் கை வைத்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காகவே அவரை அனுப்பியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் சொல்வது அதுவல்ல. அடிப்பதை நிறுத்தினார் என்கிறார்கள். கணக்கோ வேறாக இருக்கிறது. அந்த ஜூலை மாதத்தில் ராமிரெஸின் சராசரி 0.347. பேஸ்பாலில் 0.300 என்றாலே நல்ல மட்டையாளர் என்பது தெரிந்ததுதான். அந்தப் பருவத்தில் அவர் அனுப்பப்படும்வரை அணி ஆடிய 109 ஆட்டங்களில் அவர் 100 ஆட்டங்களில் ஆடினார். 20 ஹோம் ரன், 68 ரன்களை வரவைத்தது, 0.299 சராசரி. ஆட்டத்தைக் கைவிட்ட ஒருவர் கைவிட்ட மாதத்திலேயே அந்தப் பருவத்தின் மிக நல்ல ஆட்டத்தைக் காட்டுகிறார் என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ரிவேராவின் மூன்று பந்துகள் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. மற்ற நாட்களில் அவர் அடித்தவை யாருக்கும் நினைவில் இல்லை.

உண்மையில் நடந்தது என்ன என்பதற்கு ஒப்பந்தத்தின் அந்தக் கடைசி வரிக்குத் திரும்ப வேண்டும். 36 வயதான ஒருவருக்குப் பெரிய ஒப்பந்தம் இனி ஒருமுறைதான் கிடைக்கும். அணியோ அந்த இரண்டு விருப்ப ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் சொல்லாமல் காலம் கடத்தியது. அணியின் பார்வையில் அது முழுக்க நியாயம். விலை கொடுத்து வாங்கிய உரிமை. அவருடைய பார்வையில், சந்தைக்குப் போகும் வழியில் போடப்பட்ட வேலி. அதற்குள் அவர் ஸ்காட் போராஸைத் தன் முகவராக்கிக்கொண்டிருந்தார். பழைய ஒப்பந்தத்தின் தரகு பழைய முகவருக்கே சேரும் என்பதையும், புதிதாக ஒன்று எழுதப்பட்டால்தான் போராஸுக்கு வருமானம் என்பதையும் அணியின் ஆதரவாளர்கள் விடாமல் சுட்டிக்காட்டுவார்கள். சுட்டிக்காட்டட்டும். ஆனால் முகவரின் தரகு இல்லாவிட்டாலும் ஆட்டக்காரரின் நலன் அதே திசையில்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அவரிடம் ஒரு ஆயுதமும் இருந்தது. மேஜர் லீகில் பத்து ஆண்டுகளும், அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியிலும் ஆடியவரை, அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. எனவே ரெட் சாக்ஸ் அவரை அனுப்ப நினைத்தாலும் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். பாஸ்டனுக்குத் தன்னைப் போன்ற ஆட்டக்காரர் கிடைக்கத் தகுதியில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசியது இந்தக் கட்டத்தில்தான். வேண்டாதவராகிவிட்ட பெரிய ஆட்டக்காரர்கள்மேல் ரசிகர்களைத் திருப்பிவிடுவது இந்த அணியின் வழக்கம் என்றும் சொன்னார். அது வெறும் கோபப் பேச்சல்ல. சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 31 அன்று, ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த நோமார் கார்சியாபாராவை இதே அணி இதே முறையில் அனுப்பியிருந்தது. அவரும் காயத்தைச் சாக்காக வைத்து ஒதுங்குகிறார் என்ற பேச்சோடுதான் போனார். அந்த ஆண்டு கோப்பை வந்ததால் கார்சியாபாராவுக்காக வாதாட ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று.

2008 ஜூலை 31. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அன்று மாலை நான்கு மணிதான் கெடு. முதலில் ஃபுளோரிடா மார்லின்ஸுடன் நடந்த பேச்சு கூடிவரவில்லை. கடைசியில் மூன்று அணிகள் சேர்ந்த உடன்படிக்கை ஒன்று கெடு நேரத்தை ஒட்டி முடிந்தது. ராமிரெஸ் டாட்ஜர்ஸுக்கு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஜேசன் பே பாஸ்டனுக்கு. பைரேட்ஸுக்கு ஈடாக டாட்ஜர்ஸிடமிருந்து ஆண்டி லரோஷும் பிரையன் மோரிஸும், பாஸ்டனிடமிருந்து பிராண்டன் மாஸும் கிரெய்க் ஹான்சனும். இதோடு, அந்தப் பருவத்துக்கு மீதமிருந்த ராமிரெஸின் சம்பளம் ஏறக்குறைய 70 லட்சம் டாலரையும் பாஸ்டனே கொடுத்தது. அந்த இரண்டு விருப்ப ஆண்டுகள் ரத்தாயின. அவர் சம்மதித்ததற்கான விலை அதுதான். பருவம் முடிந்ததும் அவர் எந்த அணியோடும் பேசலாம், சுதந்திரமான ஆள்.

ஒருவரை அனுப்பிவைக்க அவருடைய சம்பளத்தையும் கட்டி, இரண்டு இளைஞர்களையும் சேர்த்துக் கொடுத்தது மடத்தனம் என்பது எதிர்க்கட்சியின் வாதம். தாளில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரெட் சாக்ஸ் வாங்கிய பொருளையும் பார்க்க வேண்டும். பே 2004-இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். ராமிரெஸைவிட ஆறு வயது இளையவர். 2009-க்கும் 75 லட்சம் டாலருக்கே ஒப்பந்தத்தில் இருந்தவர். ஓய்வறையில் யாரோடும் வம்பில்லாதவர். ராமிரெஸ் இருந்த இடத்தில் நிற்கும் முதல் நாள் எப்படிப்பட்ட சுமையோடு விடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டு 1 அன்று ஓக்லாந்துக்கு எதிராக ஆட்டம் 1-1 என்று பன்னிரண்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. இரண்டு பேர் அவுட்டான நிலையில் பே அடித்த பந்து இடது களத்துப் பச்சைச் சுவரில் உயரத்தில் மோதித் திரும்ப, அவர் மூன்றாவது பேஸ்வரை ஓடினார். அடுத்து வந்த ஜெட் லவ்ரி உள்களத்திலேயே உருளும்படி அடித்த பந்தில், பே கடைசி பேஸையும் தொட்டு ரன் எடுத்தார். ஆட்டம் முடிந்தது. அக்டோபரில் ஏஞ்சல்ஸுடனான தொடரை முடித்துவைத்த ரன்னும் லவ்ரி அடிக்க பே ஓடி எடுத்ததுதான்.

மாற்றத்துக்குப் பின் ரெட் சாக்ஸ் 34 வென்று 19 தோற்றது. பே 49 ஆட்டங்களில் 37 ரன்களை வரவைத்தார். ஆக, அணி இடிந்து விழவில்லை. ஆனால் அதே நாட்களில் மூவாயிரம் மைலுக்கு அப்பால் நடந்ததுதான் பாஸ்டன்காரர்களின் வயிற்றைக் கலக்கியது. 99 என்ற எண்ணை அணிந்துகொண்டு ராமிரெஸ் டாட்ஜர்ஸுக்காக 53 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 0.396, 17 ஹோம் ரன், 53 ரன்களை வரவைத்தார். டாட்ஜர்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்து, கப்ஸ் அணியை ஒரு ஆட்டம்கூட விடாமல் வென்று, பில்லிஸிடம்தான் தோற்றது. அந்த அக்டோபரில் அவர் எட்டு ஆட்டங்களில் 0.520 அடித்தார். லாஸ் ஏஞ்சலிஸ் மைதானத்தில் அவருடைய சடைமுடி போன்ற டோப்பா போட்டுக்கொண்டு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

பார்த்தீர்களா, இங்கே முழங்கால் வலிக்கவில்லையே, அதுவே அவர் நடித்தார் என்பதற்குச் சான்று என்று ஒரு கட்சி சொல்லும். பார்த்தீர்களா, இப்படிப்பட்டவரை விட்டீர்களே என்று மற்ற கட்சி சொல்லும். ஒரே எண்ணை இருவரும் எடுத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடுகிறார்கள். அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், டாம்பா பேயிடம் 1-3 என்று தோற்றது. ஒரே ஒரு ரன் எடுத்துத் தோற்ற ஏழாவது ஆட்டம் என்பது, "அவர் இருந்திருந்தால்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு ஏற்ற இடம். அந்த ஒரு ஆட்டம் எனக்கும் உறுத்துவதுண்டு. ஆனால் அவர் பாஸ்டனிலேயே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியவர், லாஸ் ஏஞ்சலிஸில் சுதந்திரம் கிடைத்து 0.396 அடித்த ராமிரெஸ் அல்ல. வேலியை எடுத்ததால் ஓடிய குதிரையை, வேலிக்குள்ளேயே அப்படி ஓடியிருக்கும் என்று கணக்கிட முடியாது. நான் அணியின் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்: அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவரை வைத்துக்கொள்ள ஒரே வழி புதிய ஒப்பந்தம் என்றாகிவிட்டதால். 36 வயதில், தடுப்பாட்டம் சரிந்துகொண்டிருந்த ஒருவருக்கு அதைக் கொடுக்க ரெட் சாக்ஸ் விரும்பவில்லை. டாட்ஜர்ஸ் கொடுத்தது, 2009 மார்ச்சில், இரண்டு ஆண்டுகளுக்கு 4.5 கோடி டாலர்.

அடுத்து நடந்தது விவாதத்தை இன்னும் சேறாக்கியது. 2009 மே 7 அன்று, தடை செய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் அவருக்கு 50 ஆட்டங்கள் தடை. 2011-இல் டாம்பா பே அணியில் இருந்தபோது மறுபடியும் சிக்கி, நீண்ட தடையைச் சந்திப்பதற்குப் பதில் ஓய்வை அறிவித்தார். பாஸ்டன் நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று இதைக் காட்டுவது வழக்கம். எனக்கு அது நேர்மையான வாதமாகப் படவில்லை. 2008 ஜூலையில் அந்தக் காரணத்துக்காக யாரும் அவரை அனுப்பவில்லை. மேலும், 2003-இல் பெயர் வெளியிடாமல் நடத்தப்பட்ட சோதனையின் பட்டியலில் இருந்ததாக 2009-இல் செய்தி வந்தபோது, ராமிரெஸின் பெயரோடு சேர்ந்து வந்தது, ரெட் சாக்ஸில் அவருடைய சக மட்டையாளரான டேவிட் ஆர்டிஸின் பெயர். முறையான சோதனை தொடங்கிய பின் ஆர்டிஸ் ஒருமுறையும் சிக்கவில்லை, ராமிரெஸ் இருமுறை சிக்கினார். அந்த வேறுபாடு உண்மையானது, பெரியது. வாக்கெடுப்பின் மூலம் பெரும் ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குள் ஆர்டிஸ் 2022-இல் போனார். 555 ஹோம் ரன்னும் 0.312 சராசரியும் வைத்திருக்கும் ராமிரெஸ், 2017-இல் முதன்முறை வாக்கெடுப்புக்கு வந்தபோது, தேவையான 75 விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பெறவில்லை. ஆனால் 2003 பட்டியலை மட்டும் வைத்து ஒருவரைத் தூற்றுபவர், மற்றவருக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டும். பாஸ்டனில் அதைச் செய்பவர்கள் குறைவு, ஏனென்றால் ஆர்டிஸ் கடைசிவரை அங்கேயே இருந்தார்.

பே என்ன ஆனார் என்றும் கேட்கலாம். 2009-இல் 36 ஹோம் ரன் அடித்து 119 ரன்களை வரவைத்துவிட்டு, சந்தைக்குப் போய், நியூயார்க் மெட்ஸ் கொடுத்த 6.6 கோடி டாலரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தன் விலையைத் தேடிப் போனதற்காக அவரை யாரும் ஏசவில்லை. பைரேட்ஸுக்குப் போன நால்வரில் எவரும் அங்கே நிலைக்கவில்லை.

ராமிரெஸ் எதிரணி ஆளாக ஃபென்வே மைதானத்துக்கு முதலில் திரும்பி வந்தது 2010 ஜூன் 18 அன்று. மட்டையோடு அவர் நடந்து வந்தபோது ஊளையும் கைதட்டலும் ஒருசேர எழுந்தன. ஒன்று மற்றதை அமுக்கவில்லை. மறுநாள், ரெட் சாக்ஸில் தன்னோடு எட்டு ஆண்டுகள் ஆடிய டிம் வேக்ஃபீல்டின் பந்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார். 2014 மே மாதம், 2004 அணியின் பத்தாண்டு நிறைவுக்கு வந்தவர், ஹூஸ்டனில் தான் தள்ளிவிட்ட அந்த முதியவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார். அன்று மைதானத்தில் கைதட்டல் மட்டும்தான் இருந்தது.